வட்டக்கச்சி ஹூட் காருக்கு வெள்ளை கட்டிய வேலை

1. குடை பிடித்த கார்

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்பக்கம் நான் கார் சீற்றும் கூரைத் துணியும் தைக்கச் சொந்தமாகக் குஷன் கொட்டில் போட்ட முதல் நாள். முதலாவதாக வந்து நின்ற காரின் உள்ளே ஒரு குடை விரிந்திருந்தது. வெளியே மழையில்லை, நல்ல வெயில்.

ஓட்டி வந்தவர் நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக இருந்து இளைப்பாறியவர். அரசாங்கம் காணி பிரித்துக் கொடுத்த வட்டக்கச்சிக் கொலனியில் காணி எடுத்து, யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வந்து குடியிருந்தார். எல்லோருக்கும் அவர் ஓவசியர் ஐயா. கார், தன் நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார என்ஜினியரிடம் வாங்கியது. கூரையை மடித்துப் பின்னால் விடலாம். எங்கள் பக்கத்தில் அதை ஹூட் கார் என்போம். மேலே கன்வஸ். அதைத் தாங்க இரும்பு வில்லுகள். வில்லுகள் தெரியாமல் மறைக்க உள்பக்கம் ஒரு லைனிங் துணி. அந்த லைனிங் கழன்று, பின்சீற்றில் இருப்பவரின் தலையில் முட்டிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் குடை முட்டுக்கொடுத்து நின்றது.

"சிரிக்காதை தம்பி. குடை மழைக்கில்லை, துணிக்கு," என்றார்.

உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். முன்பு எந்தப் புண்ணியவானோ துணியைக் கம் பூசி வில்லுகளில் ஒட்டியிருந்தான். ஒட்டு வேலைக்காரரைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மடங்கி விரிகிற கூரையில் கம் நிற்காது. வன்னி வெயிலுக்கு அது பாகாய் உருகிவிடும். துணியில் நாடா வைத்துத் தைத்து, நாடாவை வில்லில் கட்டவேண்டும். நாள் பிடிக்கும், ஆனால் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

"இவ்வளவு நாளும் இதிலை எப்பிடி ஐயா ஆக்களை ஏத்தினீங்கள்?" என்று கேட்டேன்.

"ஏறினவன் ஒருத்தனும் மேலை பாக்கேல்லை. பாம்பு கடிச்சவன் கூரையைப் பாத்தோ ஏறுறது?"

அது வாய்ப் பேச்சில்லை. கொலனியில் அந்த நேரம் வேறு கார் இல்லை. காய்ச்சல்காரர், காலில் மண்வெட்டி பட்டவர், மாடு இடித்தவர் எல்லோரையும் அந்தத் தொங்கல் கூரைக்குக் கீழே கிடத்தித்தான் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார். குமட்டிச் சீற்றில் சத்தி எடுத்தவர்களும் உண்டு. அவர் முகம் சுளித்ததாக யாரும் சொன்னதில்லை. இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவரை ஒரு பொல்லாத மனிதர் என்று யாரும் முடிவுகட்டக் கூடாது.

அவருடைய மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் காரில்தான் வரவேண்டும். மாப்பிள்ளையின் தலைப்பாகையில் துணி முட்டினால் சம்பந்தி வீட்டார் ஒரு சந்ததிக்குச் சொல்லிக் காட்டுவார்கள் என்று அவர் பயந்தார். என் கொட்டிலில் சந்தைப் புழுதி பறந்தது. வேலையை அவருடைய வீட்டிலேயே வைத்துச் செய்வதென்று முடிவானது.

2. துணி கிடைத்த விதம்

அறுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் வருவது சுருங்கியிருந்த காலம் அது. லைனிங் துணிக்கு வவுனியாவில் கேட்டேன், யாழ்ப்பாணத்துக்குச் சொல்லி அனுப்பினேன். எல்லா இடத்திலும் கையை விரித்தார்கள். கடையில் இருந்த மெல்லிய சீத்தைத் துணி ஒரு கோடைக்குத் தாங்காது.

ஓவசியர் ஐயாவின் மனைவிதான் வழி சொன்னா. "கட்டாடியிட்டைக் கேட்டால் என்ன? அவனிட்டை நல்ல அகலத் துணி கிடக்கு."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் நன்மை தீமை எதுவானாலும் வீட்டின் உள்முகட்டை மறைத்து வெள்ளைத் துணி கட்டுவார்கள். கட்டுவது, ஊருக்கு உடுப்பு வெளுக்கிற கட்டாடியின் உரிமை. காரியம் முடிந்ததும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போவதும் அவருடைய உரிமை. வட்டக்கச்சியில் அந்த வேலை பொன்னனுடையது. காணிக்காரர் குடியேறியபோது அவர்களோடு சேர்ந்து வந்தவர். அவருக்குக் காணி கிடைக்கவில்லை. வாய்க்கால் கரையில் ஒரு குடில் போட்டிருந்தார்.

ஆள் அனுப்ப, அவர் வந்து முற்றத்தில் நின்றார். என்னைவிடக் குறைந்தது இருபது வயது மூத்தவர். ஆனால் அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகளும் அவரைப் "பொன்னன்" என்றுதான் கூப்பிட்டார்கள். என் வாய் அப்படி வரவில்லை. "அண்ணை, அகலம் எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிட்டேன். ஓவசியர் அம்மா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தா. பொன்னன் அண்ணை கேட்காததுபோல் நிலத்தைப் பார்த்தார்.

துணிக்கு என்ன வேண்டும் என்று ஓவசியர் ஐயா கேட்டார்.

"காசு வேண்டாம் ஐயா. என்ரை பிள்ளை தங்கம்மாவுக்கு இது பிள்ளை பெறுற மாதம். அவளின்ரை முதல் பிள்ளையை மாட்டு வண்டில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னம் பறிகுடுத்தனாங்கள். இந்த முறை நோ தொடங்கின உடனை உங்கடை காரிலை கொண்டுபோய் விடவேணும்."

"உதுக்கு ஏன் துணி தரவேணும்? சும்மா வந்து கேட்டாலும் கொண்டுபோவன்தானே. எந்த நேரமெண்டாலும் வா."

"ஓம் பொன்னன், பயப்பிடாதை," என்று அம்மாவும் சொன்னா. இரண்டு பேரும் மனதறிந்துதான் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றவன், எனக்குத் தெரியும்.

3. இளக்கம்

மறுநாள் பொன்னன் அண்ணை துணியைத் தோளில் சுமந்து வந்தார். பால் வெள்ளை. ஆனால் கஞ்சி போட்டு, ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தி, பலகை மாதிரி விறைத்திருந்தது. எனக்கு வேலை நேரத்தில் வாய் கொஞ்சம் கூட.

"அண்ணை, இதைக் காருக்குள்ளை கட்டினால் எலி வந்து பந்தி இருந்து சாப்பிடும். கஞ்சியை எடுத்துப்போட்டுக் கொண்டாங்கோ."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "கஞ்சி இல்லாத வெள்ளையை நான் ஒருத்தற்றை வீட்டிலையும் கட்டினதில்லைத் தம்பி."

"வீடு மடங்காது. இது மடங்கும்."

முணுமுணுத்துக்கொண்டே வாய்க்காலுக்குக் கொண்டுபோனார். ஒருமுறை அலசினால் போதும் என்றிருந்தேன். அவர் திரும்பத் திரும்ப அடித்துத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தார். துணி சுருங்குவதெல்லாம் சுருங்கி, மெத்தென்று வந்தது. லைனிங் வேலைக்குத் துணியை முதலில் நனைத்துச் சுருக்கவேண்டும் என்பது பாலபாடம். கோபத்தில் செய்த வேலையென்றாலும் இவ்வளவு ஒழுங்காக எனக்கு யாரும் சுருக்கித் தந்ததில்லை. அதை அவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் பகலில் தன் வீட்டுக்குப் போகவில்லை. கார் நிறுத்தியிருந்த வண்டில் கொட்டிலில் என்னோடேயே நின்று துணி பிடித்தார்.

பழைய துணியை உரித்தோம். வில்லுகளில் காய்ந்திருந்த கம்மை மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டினேன். கூரையை விரித்து, முன்சட்டத்தில் கொழுவி, வில்லு வில்லாகச் சோக்குக் கட்டியால் கோடு குறித்தேன். அம்மாவின் தையல் மெசினை விறாந்தையில் வைத்து நாடாவைத் துணியில் தைத்தேன். பிறகு காருக்குள் மல்லாந்து படுத்து, வளைந்த ஊசியால் ஒவ்வொரு நாடாவையும் வில்லில் சுற்றிக் கைத்தையல் போட்டேன்.

இந்த இடத்தில்தான் எனக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம். அவர் துணியின் தலைப்பைப் பிடித்தால் பறைமேளத்தில் தோல் இழுப்பதுபோல இழுப்பார். கட்டின வெள்ளை தொங்கினால் கட்டாடிக்கு மரியாதைக் குறைவு. அது அவர் கையில் ஊறிப்போனது. நான் இரண்டு வில்லுகளுக்கிடையில் விரற்கடை இளக்கம் விடுங்கோ என்பேன், அவர் விடமாட்டார். கடைசியில், சரி உங்கடை விருப்பம் என்று அவர் இழுத்தபடியே ஒரு பக்கத்தைத் தைத்துவிட்டு, கூரையைப் பாதி மடித்துக் காட்டினேன். நூல் படபடவென்று அறுந்தது.

அவர் அறுந்த நூல் நுனியை விரலால் தடவிப் பார்த்தார். "உது நான் கட்டின வெள்ளை இல்லை, வேறை சாதி வெள்ளை," என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மத்தியானச் சோறு கொண்டு தங்கம்மா வருவாள். நிறைமாதம். நடந்து வந்த களைப்பில் வண்டிலின் நுகத்தடியில் கொஞ்சம் குந்தியிருப்பாள். ஒருநாள் கார்க் கதவுக்குள் எட்டிப் பார்த்து மேலே அண்ணாந்தாள்.

"அண்ணை, படுத்துக்கொண்டு போகேக்கை இதைப் பாத்துக்கொண்டு போகலாம் என்ன?"

"ஓமோம். நோவையும் மறந்துபோவீர்," என்றேன். அவள் வெட்கத்தோடு சிரித்தாள். அவளுக்குப் பயம் இருந்தது. அவளுடைய தகப்பனாருக்கு அவளைவிடக் கூடப் பயம். காலையில் வந்ததும் அவர் முதலில் காரின் சில்லுகளைத்தான் பார்ப்பார், காற்று இருக்கிறதோ என்று.

வேலை முடிகிற தறுவாயில் ஓவசியர் அம்மா வந்து பார்த்தா. வெயில் கன்வஸுக்கூடாக வந்து, உள்ளே வெள்ளை முழுக்க மெல்லிய வெளிச்சமாய் இருந்தது. அவ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி இருந்தா. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"கோயிலுக்குள்ளை இருக்கிறமாதிரிக் கிடக்கு," என்றா. பிறகு கணவரைப் பார்த்து, "இனி உதுக்குள்ளை கண்ட நிண்டதுகளை ஏத்தக்கூடாது, சொல்லிப்போட்டன்," என்றா.

ஓவசியர் ஐயா சிரித்தார். நானும் சிரித்தேன். பகிடி என்றுதான் நினைத்தேன்.

4. பொன்னுருக்கு முடிந்த வீடு

கலியாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் பொன்னுருக்கினார்கள். தாலிக்குப் பொன் உருக்கியாகிவிட்டால் அந்த வீடு காப்புக் கட்டின மாதிரி. செத்தவீட்டுப் பக்கம் போகமாட்டார்கள், துடக்கு, அதாவது தீட்டு, உள்ள வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். பிள்ளை பிறந்தாலும் துடக்குத்தான், ஆள் இறந்தாலும் துடக்குத்தான்.

பொன்னுருக்கு முடிந்த மறுநாள் நான் முன்சட்டத்தில் பட்டியைத் தைத்து, மீந்த துணியைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். காலைச் சாப்பாடு முடிந்த நேரம். பொன்னன் அண்ணை ஓடி வந்தார். ஒருநாளும் ஓடாத மனிதர்.

"ஐயா, பிள்ளைக்கு நோ கண்டிட்டுது. தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுது. மருத்துவிச்சி உடனை கொண்டுபோகச் சொல்லுறா."

ஓவசியர் ஐயா சாவியோடுதான் வெளியே வந்தார். அதை நான் கண்ணால் கண்டேன். காரின் கதவையும் திறந்துவிட்டார். திறந்தவர், குனிந்து மேலே பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

விறாந்தையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பொன்னுருக்கி ஒரு நாள் ஆகேல்லை. வழியிலை காருக்குள்ளை பிறந்தால் என்ன செய்யிறது?"

"நான் வாக்குக் குடுத்தனான்," என்று அவர் சொன்னார். குரல் பெரிதாக எழவில்லை.

"முந்தின கார் எண்டால் ஆர் மறிச்சது? இப்ப இது பிள்ளை மணவறைக்குப் போற கார். துடக்குப் பட்ட வெள்ளைக்குக் கீழை அவளை இருத்துறதோ? நாளைக்கு அவளுக்கு ஒண்டு நடந்தால்?"

நான் எழுந்து போனேன். "அம்மா, உரிச்ச பழைய துணி கிடக்கு. சீற் முழுக்க விரிச்சுவிடுறன். ஒரு சொட்டும் படாது."

"சீற்றைக் கழுவலாம் தம்பி. மேலை கிடக்கிறதை என்ன செய்வீர்?"

துடக்கு துணியில் ஒட்டுகிற ஊத்தையா, அலசினால் போகுமா என்று வாதாடுகிற ஆள் நான் இல்லை. ஓவசியர் ஐயா பொன்னன் அண்ணையைப் பார்க்காமல் சொன்னார். "உழவு மெசின்காரனுக்கு உடனை ஆள் அனுப்புறன். இழுவைப் பெட்டியிலை பாய் விரிச்சுக் கொண்டுபோகலாம். இந்தப் பாதைக்கு அது காரைவிட நல்லது."

அது பொய் என்று முற்றத்தில் நின்ற மூன்று பேருக்கும் தெரியும். பொன்னன் அண்ணை கெஞ்சியிருந்தால் ஐயா இளகியிருப்பார் என்று நான் நினைக்கிறேன். இது என்னுடைய துணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும். அவர் இரண்டும் செய்யவில்லை. "சரி ஐயா," என்று சொல்லிவிட்டு வந்த வழியே ஓடினார்.

உழவு மெசின் என்கிற டிராக்டர் வயலில் நின்றது. பெட்டியைக் கழற்றிக் கலப்பை பூட்டியிருந்தார்கள். கலப்பையைக் கழற்றிப் பெட்டி பூட்டவேண்டும். நானும் ஓடிப்போய்க் கைகொடுத்தேன். தங்கம்மாவைத் தூக்கிக் கிடத்தினபோது அவள் தகப்பனாரின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வாய்க்கால் அணைக்கட்டுப் பாதையில் அந்தப் பெட்டி விழுந்து எழும்பிப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் திரும்பி வந்த மெசின்காரன் பிள்ளை தங்கவில்லை என்றான். தாய்க்கு உயிர் இருக்கிறது, ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்றான்.

ஓவசியர் ஐயா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அம்மாவும் சுவாமி அறையை விட்டு வெளியே வரவில்லை. என் மிச்ச வேலையை ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

5. அவிழ்த்த நாள்

கலியாணம் நடந்தது. பொன்னன் அண்ணைக்குத் துடக்கு என்பதால் பரந்தன் பக்கமிருந்து வேறு கட்டாடி வந்து வீட்டில் வெள்ளை கட்டினார். கூரையை மடித்துவிட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேளக்காரர் முன்னே போக, ஊருக்குள் வரும்போது ஹூட்டைத் திறந்தேன். நூல் ஒன்றும் அறவில்லை, துணி ஒரு இடத்திலும் நெரிபடவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் என்னைக் கூப்பிட்டு, வெளிநாட்டு வேலை மாதிரி இருக்கிறது என்றார்கள். என் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய பாராட்டு அதுதான். எங்கே போய் முகத்தை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

துடக்குக் கழிந்த பிறகு பொன்னன் அண்ணை என் கொட்டிலுக்கு வந்தார். ஆள் பாதியாய்ப் போயிருந்தார்.

"தம்பி, ஐயா வீட்டுக் கலியாணம் முடிஞ்சுதுதானே. என்ரை வெள்ளையை அவிழ்க்கவேணும். எனக்கு உந்தத் தையல் பிரிக்கத் தெரியாது. நீர் வாரும்."

"அண்ணை, ஐயாவிட்டைக் கேட்டனீங்களோ?"

"கட்டினதை அவிழ்க்கிறதுக்கு நான் ஆரையும் கேக்கிறேல்லை."

போனோம். அவர் முற்றத்தில் நின்று வந்த காரியத்தைச் சொன்னார். ஓவசியர் ஐயா உள்ளே போய்க் காசு எடுத்துக்கொண்டு வந்தார். பொன்னன் அண்ணை கையை நீட்டவில்லை. காசுக்குத் தரவில்லை ஐயா என்று மட்டும் சொன்னார். ஓவசியர் ஐயா தானே போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டார். அம்மா விறாந்தைக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா.

நான் மல்லாந்து படுத்து ஒவ்வொரு நாடாவாகப் பிரித்தேன். தைத்த கையாலே பிரிப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். அளவு பிழைத்தால் பிரிப்போம், எலி கடித்தால் பிரிப்போம். ஒரு பிழையும் இல்லாத வேலையை நான் பிரித்தது அந்த ஒரு தடவைதான். துணி கிழியாமல் வந்தது. பொன்னன் அண்ணை ஒரு தலைப்பையும் நான் மற்றத் தலைப்பையும் பிடித்து மடித்தோம். காருக்குள் இரும்பு வில்லுகளும் கன்வஸின் பின்பக்கமும் மட்டும் மிஞ்சின.

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப, ஓவசியர் ஐயா பின்னால் நாலடி நடந்து வந்தார்.

"பொன்னன், அண்டைக்கு நான் செய்தது பிழை. பிள்ளைக்கு இனி ஒரு முறை வரேக்கை நீ வந்து கேக்கவும் வேண்டாம். மாதம் பிறந்தால் கார் உன்ரை வாசலிலை நிக்கும்."

"இனித் தேவைப்படாது ஐயா," என்றார் பொன்னன் அண்ணை. "கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆளைக் காப்பாத்தினவை."

இது எனக்கும் அப்போதுதான் தெரியவந்தது. ஓவசியர் ஐயா வாசல் கேற் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தக் காருக்கு அவர் பிறகு லைனிங் போடவில்லை. நானும் போடட்டுமா என்று கேட்கவில்லை. நோயாளிகளைப் பழையபடி ஏற்றினார் என்று கேள்விப்பட்டேன்.

வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் இளக்கம் விடச் சொல்லிக்கொடுக்கிறேன், கம் தொடாதே என்கிறேன். அதோடு இன்னொன்றும் சொல்கிறேன். வாகனம் கொண்டுவருகிறவரிடம் துணியின் நிறத்தைக் கேட்க முதல், அது யாரை ஏற்றுகிற வாகனம் என்று கேள். ஏற்றவேண்டிய ஆள் ஏறி இறங்கும் வரைக்கும் வேலையை முடித்துக் கொடுக்காதே. துணி தொங்கின காலத்தில் அந்தக் காருக்கு ஒரு துடக்கும் இருக்கவில்லை. நான் அதை நல்ல காராக்கினேன், தங்கம்மாவுக்கு அதில் இடமில்லாமல் போயிற்று.

பொன்னன் அண்ணை "சரி ஐயா" என்று திரும்பினபோது என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. முன்சட்டத்துத் தையலை ஒரே இழுவையில் அறுத்துத் துணியைத் தொங்கவிட்டு, "பழுதாய்ப் போச்சு ஐயா, எப்பிடியும் புதுசாய்த்தான் போடவேணும், பிள்ளையை ஏத்துங்கோ" என்று சொல்லியிருக்கலாம். அந்த யோசனை எனக்கு வந்தபோது உழவு மெசின் சத்தமும் கேட்காத தூரத்துக்குப் போயிருந்தது.